ஓய்வுக்குப் பின் ஒரு கேமரா: குளக்கரைக்கு எது, மலைக்கு எது?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, பணி ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, பறவை படம் எடுக்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. என்ன கேமரா வாங்கட்டும்?" பணிக்கொடை கைக்கு வந்திருக்கும், மகன் ஒரு மாடலைச் சொல்லியிருப்பார், கடைக்காரர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "வாரத்துக்கு ஒரு நாள் எந்த இடத்தில் போய் நிற்கப்போகிறீர்கள்?" என்பதுதான். நிற்கும் இடத்துக்கும் படம்பிடிக்கும் உயிருக்கும் நடுவே உள்ள தூரமும், அங்கே அந்த நேரத்தில் கிடைக்கும் வெளிச்சமும் தெரிந்துவிட்டால் கேமராவைப் பற்றிய குழப்பத்தில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும்.

முதலில் இடம்

திருநெல்வேலிச் சீமையில் நான்கு வகையான நிலங்கள் பேருந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் கேமராவிடம் வேறு வேறு வேலையைக் கேட்கிறது.

குளங்களை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் வாரந்தோறும் போக முடிவது அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிரம்ப, மார்கழி தொடங்கிப் பறவைகள் வந்து சேர்கின்றன. மூலைக்கரைப்பட்டியை அடுத்துள்ள கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுவதால், பத்து மீட்டர் தூரத்தில் கூட்டில் நிற்கும் ஒரு நாரையும், குளத்துக்குள் இருநூறு மீட்டர் தூரத்தில் பூநாரைகளோ வரித்தலை வாத்துகளோ ஒரே காலையில் கிடைக்கக்கூடும். ராஜவல்லிபுரம் போன்ற மற்ற குளங்களில் அந்தச் சலுகை இல்லை. கரையில் நின்றால் பறவை பெரும்பாலும் ஐம்பது முதல் நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

மலை என்றால் 1988 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் களக்காடு–முண்டந்துறைப் பகுதி. காரையாறு, மணிமுத்தாறு பக்கங்களில் கருமந்தியும் மலை அணிலும் அவ்வளவு தொலைவில் இருப்பதில்லை. அங்கே நம்மைத் தோற்கடிப்பது மரநிழலின் இருட்டு. மூன்றாவது, தேரியும் பொட்டலும்: குதிரைமொழித் தேரியின் செம்மணல், வல்லநாட்டு வெளிமான்கள், கங்கைகொண்டான் புள்ளிமான்கள். இங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் காற்றோடு வரும் தூசி கேமராவுக்கு எமன். நான்காவது, குற்றாலச் சாரலும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வயல்களும், அவற்றுக்குப் பின்னே நிற்கும் பொதிகையும். இவற்றுக்கு நீண்ட லென்ஸே தேவையில்லை.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

எட்டும் தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு இழுத்துக் காட்டும் என்பதைச் சொல்ல, கேமராவின் விவரக் குறிப்பில் '35 மி.மீ. சமானம்' என்று ஓர் எண் தரப்பட்டிருக்கும். 36ஐ அந்த எண்ணால் வகுத்து, பறவை இருக்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தின் அகலத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது கிடைத்துவிடும். 600 மி.மீ. சமானமுள்ள லென்ஸால் ஐம்பது மீட்டர் தூரத்தைப் பார்த்தால் மூன்று மீட்டர் அகலம் அடங்கும். சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள்மூக்கு நாரைக்கு அது போதும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிறு மீன்கொத்திக்குப் போதாது. கடையில் பொருளைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் பரப்பே முதன்மையானது. கழற்ற முடியாத ஒரே நீள லென்ஸோடு வரும் நெடுஞ்ஜூம் கேமராக்களில் இருக்கும் சிறிய சென்சாரின் பரப்பைவிட, லென்ஸை மாற்றக்கூடிய பெரும்பாலான நடுத்தர டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ளவை), மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதவை) கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவு சென்சாரின் பரப்பு சுமார் பன்னிரண்டு மடங்கு பெரியது. வெயிலில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. காலை ஏழு மணிக்கு முன்பும் காட்டு நிழலிலும் அது படத்தின் மேல் புள்ளி புள்ளியாக வந்து உட்காரும்.

கண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நம் வயதில் அதுவே பெரிய செய்தி. புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்குத் தூரப்பார்வை தெளிவாகவும், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டியும் இருக்கும். அவர்கள் வெயிலில் நின்று கேமராவின் பின்திரையைப் பார்ப்பது என்றால், ஒவ்வொரு முறையும் கண்ணாடியை எடுத்து மாட்ட வேண்டும். மின்னணுக் காட்சித்துளை (கண்ணை ஒட்டிப் பார்க்கும் துளைக்குள் ஒரு சிறு திரை) உள்ள கேமராவில் அதைத் தம் பார்வைக்கேற்ப ஒருமுறை சரிசெய்துகொண்டால், எடுத்த படத்தைப் பார்ப்பதையும் அமைப்புகளை மாற்றுவதையும் துளைக்குள்ளேயே செய்துகொள்ளலாம். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடித் துளையில் காட்சி மட்டும்தான் தெரியும், எடுத்த படம் தெரியாது.

இவற்றோடு எடையையும், தூசி ஈரத்தைத் தாங்குவதையும், வீட்டுக்கு வந்த பிறகு கணினியில் செய்ய வேண்டியிருக்கும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

| தேர்வு | 50 மீட்டரில் படத்தில் அடங்கும் அகலம் | எடை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| செல்போன் | முதன்மை லென்ஸில் சுமார் 75 மீ.; 5 மடங்கு ஜூம் உள்ளதில் சுமார் 15 மீ. | சுமார் 200 கிராம் | அருவி, வயல், மலைக்காட்சி |
| நெடுஞ்ஜூம் கேமரா (எ.கா. நிக்கான் பி950) | சுமார் 0.9 மீ. | சுமார் 1 கிலோ | குளக்கரை, பொட்டல் |
| பழைய டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ் (எ.கா. நிக்கான் டி5600) | 4 மீ. | சுமார் 880 கிராம் | கூந்தன்குளம் ஊர் மரங்கள், மலை |
| மிரர்லெஸ், 100-400 லென்ஸ் (எ.கா. கேனான் ஆர்10) | சுமார் 2.8 மீ. | சுமார் 1,060 கிராம் | குளமும் மலையும் |
| 150-600 வகைப் பெரிய லென்ஸ் | 2 முதல் 3 மீ. | கேமரா உடலோடு இரண்டரை கிலோ அளவில் | காரில் போகும் இடங்கள் |

நடுவிலுள்ள மூன்றின் எடையும் ஏறத்தாழ ஒன்றே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'டிஎஸ்எல்ஆர் கனமாக இருக்கும், அதனால் நெடுஞ்ஜூம் வாங்கினேன்' என்று சொல்கிறவர்கள், லென்ஸைச் சேர்த்து எடைபோட்டுப் பார்க்காமல் முடிவு செய்தவர்கள்.

செல்போன்

கையில் ஏற்கெனவே இருக்கிறது, செலவில்லை, பேருந்தில் எடுத்துப்போகத் தனிப் பை வேண்டாம். பிசான நடவு முடிந்து பச்சை பிடித்த வயலுக்குப் பின்னால் மேகம் இறங்கிய மலையை எடுப்பதற்கு இதைவிட வேறொன்று தேவை என்று நான் நினைக்கவில்லை. பறவைக்கு இது உதவாது. இரண்டு விரலால் திரையை விரிப்பது படத்தைப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதில்லை. பயணமும் நிலக்காட்சியும் மட்டுமே விருப்பம் என்றால் கேமரா வாங்கும் பணத்தை ரயில் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நான்கில் எதை வாங்கினாலும் அகன்ற காட்சிகளைச் செல்போனிடமே விட்டுவிடுவது நல்லது. தேரியில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றும் தேவை அதனால் இல்லாமல் போகும்.

நெடுஞ்ஜூம் கேமரா

24 மி.மீ. முதல் 2000 மி.மீ. சமானம் வரை ஒரே லென்ஸில் தருகிற நிக்கான் பி950 2020இல் வந்தது. அதற்கு மூத்ததான பி1000 3000 மி.மீ. வரை போகும், எடையும் 1,400 கிராமைத் தாண்டும். கரையில் நின்றபடியே குளத்தின் நடுவில் நிற்கும் பூநாரையின் கண்ணைப் பார்த்துவிடலாம் என்பது உண்மை. லென்ஸைக் கழற்றும் வேலையே இல்லாததால், தேரிக் காற்றில் சென்சாரின்மேல் மண் விழுமோ என்ற அச்சம் இல்லை. பறவையை அடையாளம் காண வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும், பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஆனால் 2000 மி.மீ. என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. காலை ஒன்பது மணிக்குமேல் நீர்ப்பரப்பிலிருந்தும் சூடேறிய மண்ணிலிருந்தும் எழும் வெப்ப அலை, நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள எதையும் நெளிய வைத்துவிடும். அந்த நெளிவை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. ஜூமை முழுவதும் நீட்டிய நிலையில் பறக்கும் பறவையைத் துளைக்குள் பிடித்து வைப்பது பழகிய கைக்கே கடினம். முண்டந்துறையின் நிழலில் இதைக் கொண்டு எடுத்த கருமந்தியின் ரோமம் மெழுகு பூசியது போல வழுவழுப்பாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். விலை அரை லட்சத்துக்கு மேல் ஆகிறது. லென்ஸை மாற்ற முடியாது என்பதால், இரண்டு ஆண்டுக்குப் பிறகு இன்னும் நல்ல படம் வேண்டும் என்ற ஆசை வந்தால் முழுவதையும் விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய டிஎஸ்எல்ஆர்

கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால், நல்ல நிலையிலுள்ள டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. புகைப்படக்கலையின் அடிப்படையைக் கற்றுக்கொள்ள விரும்பி, அது தமக்கு ஒத்துவருமா என்று தெரியாமல் இருப்பவருக்கு, குறைந்த பணத்தில் பெரிய சென்சார் கிடைப்பது இதில்தான். 70-300 லென்ஸ், நிக்கானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒன்றரை மடங்குக் கணக்கில் தருகிற 450 மி.மீ. சமானம் கூந்தன்குளத்து மரங்களுக்கு நிறைவாகப் போதும், ராஜவல்லிபுரத்துக்குப் போதாது.

பழையதை வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்பது முதலாவது. தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கவே கூடாது. வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ லென்ஸின் ஒளித்துவாரத்தைச் சிறிதாக்கி எடுத்தால் கரும்புள்ளிகள் விழுகின்றனவா என்பது இரண்டாவது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை மூன்றாவது. கடையில் இவற்றைச் சோதிக்க விடவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

மிரர்லெஸ், மிதமான நீள லென்ஸ்

வாரம் ஒரு முறை தவறாமல் போவேன், பத்து ஆண்டு இதைச் செய்வேன் என்று மனம் உறுதியாக இருப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். 2022இல் வந்த கேனான் ஆர்10 உடலோடு ஆர்எஃப் 100-400 லென்ஸைச் சேர்த்தால், கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாருக்கான 1.6 மடங்குக் கணக்கில் 640 மி.மீ. சமானம் கிடைக்கிறது. பறவையின் கண்ணைக் கேமரா தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் வசதி, கை வேகம் குறைந்துவிட்ட நமக்கு இளைஞர்களைவிட அதிகம் பயன்படும். பாம்புத்தாரா மீனைக் கவ்விக்கொண்டு மேலே வருகிற அந்த ஒரு நொடிக்குள் குவியத்தைச் சரிசெய்ய அறுபத்து மூன்று வயது விரலால் முடிவதில்லை. கேமரா அதைச் செய்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. அந்த லென்ஸ் முழு நீளத்தில் எஃப்/8 அளவே திறக்கும் (எஃப் எண் கூடக்கூட ஒளி நுழையும் திறப்பு சிறிதாகும்). எஃப்/4 லென்ஸோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் ஒளி கால் பங்குதான். பெரிய சென்சார் அதை ஓரளவு ஈடுகட்டினாலும், அடர்ந்த நிழலில் இருக்கும் சோலைமந்திக்கு அது போராட்டமே. லென்ஸுக்கு மழைக்காப்பு இல்லை, ஆகவே குற்றாலச் சாரலில் நனைய விடக் கூடாது. உடலும் லென்ஸும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டும். மின்கலம் டிஎஸ்எல்ஆரைவிட விரைவில் தீர்வதால் உபரியாக ஒன்று கட்டாயம் வேண்டும்.

பெரிய லென்ஸ்

ஓய்வு பெற்ற ஆண்டில் நான் முதலில் வாங்கியது இதுதான். இரண்டு கிலோ லென்ஸும் அதற்கேற்ற முக்காலியும் உடலும் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டின. அதில் எடுத்த சில படங்களுக்கு நிகரானவற்றைப் பிறகு நான் எடுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூலைக்கரைப்பட்டிப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் போய்வந்தேன். அதற்குள் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அடுத்த பத்து மாதம் லென்ஸ் பீரோவுக்குள் இருந்து, மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது பூஞ்சை பிடித்திருந்தது. வாங்கிய விலையில் பாதிக்குக்கூடப் போகவில்லை. சொந்தக் காரும், சுமையைப் பகிர்ந்துகொள்ள ஒரு துணையும், தோளில் வலுவும் இருப்பவருக்கு இது சிறந்த கருவி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

கேமராவை வாங்கிய பிறகு வரும் செலவுகளில் முதலாவது சேமிப்பு. ஒரு காலையில் ஐந்நூறு படங்கள் சேர்வது இயல்பு. நினைவட்டை, கணினி, அதற்கு வெளியே ஒரு வன்தட்டு என்று இது நீளும். மாதச் சந்தா கட்டும் திருத்த மென்பொருள்களுக்குப் பதிலாக டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் தொடங்குவது நல்லது. நெடுஞ்ஜூமும் செல்போனும் உடனே பயன்படுத்தத்தக்க படத்தைத் தந்துவிடுவதால், கணினியில் உட்கார விரும்பாதவருக்கு அவை உண்மையாகவே மலிவு.

இரண்டாவது பூஞ்சைத் தடுப்பு. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சிலர் அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள். அரிசியின் மாவுத்தூசி லென்ஸுக்குள் போய்விடும், அதைச் செய்ய வேண்டாம். வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே இவற்றிலெல்லாம் நல்ல தடுப்பு.

மூன்றாவது பழுது. அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பழுதுநீக்கும் மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். போக்குவரத்து நான்காவது: கூந்தன்குளத்துக்குப் பேருந்து போதும், மலைக்கு வாடகை வண்டி வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை மலைக்குப் போனால் அந்தச் செலவு இரண்டு மூன்று ஆண்டில் ஒரு லென்ஸின் விலையை எட்டிவிடும். வனச்சோதனைச் சாவடியில் அனுமதி, நேரம், கேமராக் கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது வீண் பயணத்தைத் தவிர்க்கும்.

முக்காலி வாங்குவதற்கு முன் ஒரு மஞ்சப்பையில் முக்கால் பங்குக்குப் பயறு நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். மதகின் கைப்பிடிச் சுவரிலோ கார்க் கதவின் மேலோ அதை வைத்து லென்ஸைச் சாய்த்தால், பல இடங்களில் முக்காலியின் வேலையை அதுவே செய்துவிடும்.

பணத்தில் சேராத ஒன்றும் இருக்கிறது. விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளமும், மகேந்திரகிரியில் இஸ்ரோ மையமும், கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் இருக்கின்றன. நம் நோக்கம் பறவையாகவே இருந்தாலும், நீண்ட லென்ஸை அந்தத் திசைகளில் திருப்பக் கூடாது. அப்பகுதிகளில் அடையாள அட்டை இல்லாமல் கேமராவோடு சுற்றுவதும் தவறு. கூடுகளை நெருங்குவதும் அப்படியே. நாரை எழுந்து போன சில நிமிடங்களில் வெயிலோ காகமோ குஞ்சை முடித்துவிடும். கூந்தன்குளத்து மக்கள் பல தலைமுறைகளாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். நல்ல படத்துக்காக மரத்தடிக்குப் போகிறவர் அந்தக் காவலை உடைக்கிறார்.

யாருக்கு எது

பேருந்தில் தனியாகப் போகிறவர், குளமே போதும், கணினி வேண்டாம் என்பவர் நெடுஞ்ஜூமை எடுக்கலாம். கற்றுக்கொள்ள வேண்டும், பணத்தில் கவனம் வேண்டும், கூந்தன்குளம் மரங்களும் மலைப்பக்கமும் போதும் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர். புரை அறுவை செய்துகொண்டவர், குளம் மலை இரண்டுக்கும் போகிறவர், நீண்ட நாள் இதில் இருக்கப்போகிறவர் மிரர்லெஸ்ஸுக்குச் செலவிடலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து போவதானால், ஒருவர் நெடுஞ்ஜூமும் மற்றவர் செல்போனுமாகப் பிரித்துக்கொள்வது, விலை உயர்ந்த ஒரே கேமராவைவிட அந்தக் காலைப்பொழுதை நன்றாக நிறைக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

இன்னும் முடிவுக்கு வராதவர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தம் பக்கத்துக் குளத்தின் கரையில் இரண்டு மணி நேரம் நடந்து பார்க்கட்டும். நடுவிலுள்ள மூன்று கேமராக்களின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெரிய லென்ஸுக்கு இரண்டரை பாட்டில். கரையிலிருந்து முதல் பறவை எத்தனை எட்டு தூரத்தில் நிற்கிறது என்பதையும் அப்போதே கண்ணால் அளந்து குறித்துக்கொள்ளலாம். இதைப் புரட்டாசிக்குள் செய்துவிட்டால், கேமராவை வாங்கி வீட்டுக்கு வரும் குருவியிலும் காகத்திலும் கைபழக இரண்டு மாதம் கிடைக்கும். குளம் நிரம்பிப் பறவைகள் வந்து இறங்கும்போது கையும் தயாராக இருக்கும்.